கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெயர்ப்பலகைத் தொழிலில் மென்பொருளைப் பற்றி வாய் திறப்பவன் தலையில் விழும் முதல் குட்டு இந்தப் பழமொழிதான். மற்றவை பின்னால் வரிசைகட்டி வரும். கைதான் முக்கியம், கருவி இல்லை. மண்டைக்குள் இருந்தால்தான் திரையில் வரும். கோரலோ இலஸ்ரேட்டரோ இன்க்ஸ்கேப்போ, கெட்டிக்காரனுக்கு எல்லாம் ஒன்று. யாழ்ப்பாணத்துப் பிரிண்ட் கடைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். பாரிஸ் லா சப்பலில், தமிழ்க் கடைப் பலகைகளின் கீழே நின்றும் கேட்டிருக்கிறேன். சொல்பவருக்குத் தன்னடக்கமும் ஞானமும் ஒரே கல்லில் விழுந்துவிடுவதால், இந்தக் கருத்தை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

உரைகல்லாக எனக்கு என் ஊரின் பெயர் போதும்.

அல்லைப்பிட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் வருகிற ஊர். பெயரில் ஏழு எழுத்து. கணினிக்குள் யுனிகோட் முறையில் அது பதின்மூன்று குறியீடாகச் சேமிக்கப்படுகிறது. மெய்யெழுத்தின் உரு முதலில், உயிர்க்குறியோ புள்ளியோ அதற்குப் பின்னால் என்பது அங்குள்ள ஒழுங்கு. லை என்றால் முதலில் லகரம், பிறகு சங்கிலிக் கொம்பு. நாங்கள் கண்ணால் காண்பது இதற்கு எதிர்மாறு: கொம்பு முன்னால், லகரம் பின்னால். இந்த இடமாற்றத்தைச் செய்யவேண்டியது எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும். டகரத்தையும் விசிறியையும் கண்டால் இரண்டையும் சேர்த்து டி என்று ஒரே உருவாக வரைய வேண்டியதும், புள்ளியை எழுத்தின் தலைமேல் ஏற்றவேண்டியதும் அவைதான். இந்தச் சங்கதி தெரிந்த மென்பொருள் செய்துவிடும். தெரியாதது வந்த ஒழுங்கிலேயே அப்படியே கொட்டும். அப்போது கொம்பு லகரத்தின் பின்னால் போய் அடுத்து நிற்கிற பகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஊரின் பெயர் "அல்ல" என்று தொடங்கும். தன் பெயரைத் தானே மறுக்கும் ஊரை உலகத்தில் வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

அயலூர்களும் தப்பவில்லை. வேலணை "வலேண" என்று ஆகி, கடைசியில் ஒரு கொம்பு யாருமில்லாத அநாதையாக நிற்கும். நெடுந்தீவின் ஒற்றைக்கொம்பு டகரத்துக்குப் போய்விடும். தீவு என்ற சொல்லே சோதனைதான். வகரத்தோடு உகரக்குறி சேர்ந்தால் வு என்று புதிய உரு பிறக்க வேண்டும். தெரியாத மென்பொருளில் வகரம் ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கம். புங்குடுதீவுக்காரர் பாடு இன்னும் மோசம். பு, கு, டு, வு என்று நாலு இடத்தில் உடைய வாய்ப்பிருக்கிற பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் உலகமெல்லாம் கடை திறந்திருக்கிறார்கள்.

இப்போது அந்த ஞானவாக்கை மறுபடி சொல்லிப் பாருங்கள். கெட்டிக்காரனுக்கு எல்லாம் ஒன்றாம். கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்த மென்பொருளும் தெரியாத மென்பொருளும் எப்படி ஒன்றாகும்? ஒரு கணக்குப்பிள்ளைக்குக் கூட்டத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. முதலாளி கெட்டிக்காரனாக இருந்தால் இரண்டு பேரும் ஒன்றுதான் என்று எந்தக் கடையிலாவது சொல்வார்களா?

இந்த வாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அந்தக் கட்சிக்காரர் எப்போதும் கூப்பிடும் பெரிய சாட்சி மில்ற்றன் கிளேசர். 1976இல் நியூயோர்க்கில் வாடகைக் காரின் பின் ஆசனத்தில் இருந்து, ஒரு கடித உறையில் சிவப்புக் கிரேயோனால் ஓர் "ஐ", ஓர் இதயம், ஓர் "என்", ஒரு "வை" என்று கிறுக்கினார். உலகமெல்லாம் பெனியனில் ஏறிய இலச்சினை அது. கணினியே இல்லாமல் செய்தாரே, பிறகென்ன மென்பொருள் என்பார்கள். நல்லது. அந்த மூன்று எழுத்தையும் பாருங்கள். ஒன்றோடொன்று தொடாமல், ஒன்றுக்காக ஒன்று உருமாறாமல், தனித்தனியே கால் ஊன்றி நிற்பவை. அந்த எழுத்தில் எழுதுகிறவர்களுக்கு எந்த மென்பொருளும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் தரும். 1987இல் வந்த இலஸ்ரேட்டரும் 1989இல் கனடாவில் இருந்து வந்த கோரல்ட்ரோவும் முதல் நாளில் இருந்தே அவர்களுடைய எழுத்தை அறிந்திருந்தன. மென்பொருள் முக்கியமில்லை என்று சொல்லும் வசதி அவர்களுக்கு உண்டு. தண்ணீருக்கு விலையில்லை என்று நயாகராக் கரையில் இருப்பவர் சொல்வது போன்றது அது. நெடுந்தீவில் நின்றுகொண்டு அதைத் திருப்பிச் சொல்கிறோம் நாங்கள்.

எங்கள் எழுத்துக்கு அந்த அறிவு எப்போது வந்தது? யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இடம் கிடைத்தது, குடியேற முடியவில்லை. மைக்ரோசொப்ட் தன் இயங்குதளத்தில் தமிழைக் கோர்த்துக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல், லதா என்ற எழுத்துருவோடு. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் அதற்கென்று ஒரு தெரிவைத் தேடிப் பிடித்து இயக்க வேண்டியிருந்தது. பலகைக் கடைகளின் குலதெய்வமான கோரல்ட்ரோவுக்கோ 2012இல் எக்ஸ்6 வரும்வரை இத்தகைய எழுத்துகளைக் கோர்க்கும் முறையான ஆதரவு இல்லை. அதுவரை யுனிகோட் தமிழை உள்ளே ஒட்டினால் மேலே சொன்ன கூத்துத்தான். தாய்லாந்துக்காரர் புத்திசாலிகள். அவர்களுடைய மொழியிலும் முன்னால் நிற்கும் உயிர்க்குறிகள் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிலேயே சேமிப்பது என்று யுனிகோட்டில் வைத்துக்கொண்டார்கள். அந்த அளவுக்கு மென்பொருளின் தயவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

"தூரிகைக் காலத்தில் எந்த மென்பொருள் இருந்தது?" என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் கேட்பவர் தூரிகைக்காரரை அருகில் இருந்து பார்த்ததில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். நான் சின்ன வயதில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பலகைக்கு இரண்டு பூச்சு எனாமல் பூசிக் காயவிட்டு, சோக்குத் தடவிய நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டி வரி அடிப்பார். பிறகு தூரிகைகளைப் பரப்புவார். தட்டைத் தூரிகை தலைப்புக்கு, மெல்லியது சுழிக்கு, அதிலும் மெல்லியது நிழற்கோட்டுக்கு. மயிர் சிலும்பிய தூரிகையை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், வாங்கிய வேகத்தில் எறிவார். கருவி முக்கியமில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கருவி முக்கியமில்லை என்பது கருவியைக் காசு கொடுத்து வாங்காமல், யாரோ தட்டில் பதிந்து தந்ததைப் பதினைந்து வருடமாக ஓட்டுகிறவர்களின் தத்துவம்.

கருவி மாறினால் தமிழ் எழுத்தே மாறும் என்பதற்குத் தீவுப்பகுதியிலேயே கல்லில் சாட்சி இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டை ஓர் அறிவித்தல் பலகை என்றே நான் சொல்வேன். பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஆணையிட்டவர் பொலன்னறுவை அரசர். எழுதியது பெரும்பாலும் தமிழில். பரதேசி வணிகர் ஊராத்துறைக்கே வரவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் கெட்டால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அந்த வணிகம் கட்டுக்கதை இல்லை என்பதற்கு, சொங் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகள் அல்லைப்பிட்டி மண்ணிலிருந்தே 1977இல் ஜோன் கார்ஸ்வெல்லின் கைக்கு வந்தன. விஷயத்துக்கு வருகிறேன். உளிக்காரர் பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஓலையில் எழுதியவரும் வைக்க விரும்பமாட்டார். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும். எழுத்தாணி நேர்கோட்டை விரும்பாததால் எழுத்துகள் வளைந்தன என்றும் சொல்வார்கள். புள்ளி இல்லாததால் கெ, கே என்றும் கொ, கோ என்றும் குறில் நெடில் வேறுபாடு காட்டாமல் எழுதிய காலம் அது. இது எழுதுகிறவனின் கெட்டிக்காரத்தனக் குறைவா? கருவி போட்ட எல்லை.

பிறகு சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா வந்தார். தட்டச்சுப் பொறிக்குள் 247 எழுத்தும் அடங்காது என்பதுதான் அவர் முன்னால் இருந்த சிக்கல். கொம்பு, அரவு என்று பிரித்து, காகிதம் நகராமல் புள்ளியும் விசிறியும் விழுவதற்கு நகராத விசைகள் வைத்து வழிகண்டார். ஜெர்மனியின் சைடல் அன்ட் நௌமன் கொம்பனி பொறியைச் செய்து கொடுத்தது. முத்தையா பொறி முக்கியமில்லை, தட்டுகிறவர் கைதான் முக்கியம் என்று நினைத்திருந்தால் ஆங்கிலப் பொறியிலேயே தட்டிக்கொண்டு இருந்திருப்பார்.

கணினி வந்தபோது அந்தத் தட்டச்சு மரபின் பேரப்பிள்ளையாக வந்ததுதான் பாமினி. ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் திருமண அழைப்பிதழ், மரண அறிவித்தல், சாமத்திய வீட்டுப் பனர், கடைப் பலகை என்று கால் நூற்றாண்டு பாமினியின் ஆட்சி. அதன் தந்திரம் எளியது. கணினியிடம் இது ஆங்கிலம் என்று பொய் சொல்லும். ஆங்கில எழுத்து ஜே இருக்கும் இடத்தில் தகரத்தின் படத்தை வைத்திருக்கும், கே இருக்கும் இடத்தில் மகரம், பி விசிறி, ஓ ழகரம், அரைப்புள்ளி எங்கள் புள்ளி. ஆகவே தமிழ் என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கும். கொம்பைக் கொம்பின் இடத்திலேயே முதலில் அடிப்பதால், கோர்க்கத் தெரியாத கோரலிலும் ஒழுங்காக வரும். தமிழ் தெரியாத மென்பொருளுக்குத் தமிழன் கண்டுபிடித்த ஊன்றுகோல் அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் கடைகள் எழுத்தில்லாமல் இருந்திருக்கும்.

ஆனால் ஊன்றுகோலுக்கு வாடகை கட்டவேண்டும். பாரிஸில் செய்த கோப்பு பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பல்லிளிக்கும். அதைவிடப் பெரிய செலவு வேறு. இன்றைக்குச் சனம் எழுதுவதெல்லாம் கைப்பேசியில், வட்ஸ்அப்பில், யுனிகோட்டில். இலங்கையில் தமிழுக்கென்று எஸ்எல்எஸ் 1326 என்ற நியமமே 2008இல் வந்துவிட்டது. வாடிக்கையாளர் சரியாக எழுதி அனுப்பிய வாசகத்தைக் கடைக்காரர் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. திரையில் பார்த்துப் பார்த்துப் பாமினியில் திரும்ப அடிக்க வேண்டும். அந்தத் திரும்ப அடிக்கும் இடத்தில்தான் ணகரம் னகரமாகிறது, ளகரம் லகரமாகிறது, றகரம் மெலிகிறது. பலகையில் பிழை கண்டால் தமிழாசிரியர்கள் பொடியனின் தமிழறிவைத் திட்டுவார்கள். சரியாக இருந்த சொல்லை ஏன் ஒருவன் மறுபடி அடிக்க வேண்டி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எதிர்க்கட்சி உடனே பஸ் இருக்கைக் கதையை எடுத்து வீசும்: கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று இருக்கவேண்டிய இடத்தில் தகரம் நகரமாகி, தாய்மார் நாய்மாரான கதை. அது மென்பொருளின் பிழையா என்பார்கள். இல்லை; தமிழ் தெரியாதவரிடம் தமிழைக் கொடுத்த பிழை. மனிதப் பிழையே கிடையாது என்று நான் எங்கே சொன்னேன்? மனிதன் பிழைவிடக் கூடியவன் என்றால், அவனை ஒருமுறை அடிக்கவிடும் மென்பொருள் நல்லதா, இரண்டுமுறை அடிக்கவைக்கும் மென்பொருள் நல்லதா?

இந்த நாட்டின் மும்மொழிப் பலகைகளுக்கும் இதே வியாதி. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. மூன்றில் ஆங்கிலம் எந்த மென்பொருளிலும் பத்திரம். சிங்களத்துக்கும் எங்களைப்போலவே முன்னால் நிற்கும் கொம்பு உண்டு. அவர்களும் அதைக் கொம்புவ என்றுதான் சொல்கிறார்கள். கோர்க்கத் தெரியாத மென்பொருளுக்கு முன்னால் இரண்டு மொழிக்கும் சம உரிமை.

வெட்டும் இயந்திரத்துக்கு வருவோம். ஸ்ரிக்கர் வெட்டும் பிளொட்டரின் கத்திக்கு வேண்டியது படம் இல்லை, ஓரக்கோடு. போட்டோஷொப்பில் அழகாகச் செய்துகொண்டு வருகிற இலச்சினை வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டம். கத்தி போவதற்கு அதில் பாதை இல்லை. தானாகக் கோடு பிடிக்க விட்டால் ண, ஞ, ழ போன்ற சுழிகள் கறையான் அரித்தது போல வரும். கோட்டு முறையில் செய்தாலும் தமிழுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. சில எழுத்துருக்களில் டி என்பது டகரத்தின் மேல் விசிறியை ஏற்றி வைத்த இரண்டு துண்டு. திரையில் கறுப்பின் மேல் கறுப்பு, தெரியாது. கத்தி இரண்டின் ஓரத்தையும் தனித்தனியே சுற்றும். உரிக்கும்போது பொருத்து வெட்டுப்பட்டு விசிறி கையோடு வரும். இரண்டையும் ஒன்றாக ஒட்டவைக்கும் கட்டளை கோரலில் உண்டு, இலஸ்ரேட்டரில் உண்டு, இன்க்ஸ்கேப்பில் உண்டு. போட்டோஷொப்காரன் என்ன செய்வான்? இங்கே கையும் மண்டையும் எவ்வளவு இருந்தாலும் மென்பொருளின் இனம் தெரிந்தே ஆகவேண்டும்.

என் வாதத்தை இழுத்து, விலை கூடியதை வாங்குங்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோரலா இலஸ்ரேட்டரா என்று தேநீர்க்கடையில் நடக்கும் சண்டை எனக்கு அலுப்பு. தமிழைக் கோர்க்கத் தெரிந்த, ஓரக்கோட்டில் வேலைசெய்கிற இரண்டு மென்பொருளுக்கு இடையில் எதை எடுத்தாலும் ஊர்ப்பெயர் ஒழுங்காக வரும். அந்த எல்லைக்குள் கைதான் பேசும், ஒத்துக்கொள்கிறேன். 2003இல் தொடங்கிய இன்க்ஸ்கேப் சதம் கேட்பதில்லை. அதில் அல்லைப்பிட்டி என்று அடித்தால் கொம்பு தன் இடத்தில் நிற்கிறது. விலை உயர்ந்த போட்டோஷொப்பின் பல பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான தெரிவை அமைப்புகளுக்குள் போய்க் கண்டுபிடித்தால்தான் நிற்கும். தொழில்காரர் ஏளனம் செய்கிற கன்வாவில், பாடசாலைப் பிள்ளை கைப்பேசியில் செய்கிற வாழ்த்து மடலில் தமிழ் உடைவதில்லை. இருபது வருட அனுபவசாலியின் பழைய கோரலில் உடைகிறது. கைதான் முக்கியம் என்றால் இது எப்படி நடக்கிறது என்று அந்த அனுபவசாலிகள் ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்த வேண்டும்.

கடைக்காரரின் நியாயமும் எனக்குத் தெரியும். பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் பாமினியில் கிடக்கின்றன. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. அச்சடிக்கும் இடத்தில் எந்தப் பதிப்பு என்று கேட்டு இறக்கிச் சேமித்துக் கொடுக்க வேண்டும். தலைப்புக்கு ஏற்ற கொழுத்த, வளைந்த எழுத்துருக்கள் பாமினி ஒழுங்கில்தான் நெடுங்காலம் கிடைத்தன. யுனிகோட்டில் அப்படியானவை இலவசமாகப் பெருகியது கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில்தான். இவையெல்லாம் மெய்யான தடைகள். ஆனால் கவனியுங்கள், இவை ஒவ்வொன்றும் மென்பொருள் தெரிவு எவ்வளவு பாரதூரமானது என்பதற்கான சாட்சியம். முக்கியமில்லாத ஒன்றை மாற்றுவதற்கா இவ்வளவு பயம்?

இனி என் சொந்த வழக்கு. ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றுக்கு ஒரு பனர் தேவைப்பட்டது. வாசகத்தை நானே எழுதி, மூன்று தரம் வாசித்து, பட்டினத்தில் ஒரு கடைக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கடையின் பெயர் வேண்டாம். இது எந்தக் கடையிலும் நடக்கும். முதல் மாதிரி வந்தது. ஊர், "அல்ல" என்றது. இரண்டாவது மாதிரியில் அல்லைப்பிட்டி எழும்பிவிட்டது, வேலணை "வேலனை" ஆகியிருந்தது. பாமினியில் திரும்ப அடித்திருக்கிறார்கள் என்று விளங்கியது. மூன்றாவதை நேரில் போய்ப் பார்த்தேன். எழுத்தையெல்லாம் கோடாக மாற்றிவிட்டார்கள், இனி அடித்துத் திருத்த ஏலாது. கணினிக்கு முன்னால் இருந்த தம்பி கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. வேறொரு சொல்லில் இருந்த ணை ஒன்றை வெட்டி எடுத்து, அளவு சரிபார்த்து, னையை அழித்து அந்த இடத்தில் இருத்தினான். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது அந்தக் கைவேலை. அரை மணித்தியாலம் போயிற்று. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பின்னால் இரண்டு பேர் தங்கள் முறைக்கு நின்றார்கள்.

"தம்பி, நான் அனுப்பினதை அப்பிடியே எடுக்கிற சொப்ட்வெயர் ஒண்டைப் போட்டால் இந்தக் கரைச்சல் இல்லையே?" என்று கேட்டேன்.

"சொப்ட்வெயரில ஒண்டுமில்லை அண்ணை, எல்லாம் கைதான்" என்றான். பிறகு திரையை ஒருமுறை பார்த்து, என்னையும் பார்த்து, உதவி செய்கிற குரலில் சொன்னான்: "உங்களுக்கு அவசரமெண்டால் ஊரின்ரை பேரை இங்கிலிசில போடுவம். அது எதிலயும் வடிவா வரும்."